ஒரே சொல்லில் இரண்டு ஆட்கள்: 'ஜமைக்கா இன்' நாவலை மறுபடி வாசித்தபோது

ஆங்கிலத்தில் 'ரெக்கர்' என்று ஒரு சொல் இருக்கிறது. பாறையில் மோதி உடைந்த கப்பலிலிருந்து கரை ஒதுங்குகிற மரம், பீப்பாய், துணி மூட்டை இதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போகிறவனுக்கு அந்தப் பெயர். பொய் விளக்குக் காட்டிக் கப்பலைப் பாறைக்கு இழுத்து, உயிர் தப்பி நீந்தி வருகிறவனைக் கல்லால் அடித்துக் கொல்கிறவனுக்கும் அதே பெயர்தான். தமிழில் இந்த வசதி கிடையாது. ஒருத்தன் பொறுக்குகிறவன், இன்னொருத்தன் கவிழ்க்கிறவன். இரண்டு பேரையும் ஒரே வார்த்தையில் அடக்கச் சொன்னால் நமக்கு வராது.

டாஃப்னி டு மோரியேயின் 'ஜமைக்கா இன்' நாவலை மறுபடி எடுத்தபோது இந்த இடம்தான் உறுத்தியது. 1936இல் வந்த நாவல். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தங்களுக்கு நடுவே இருந்த கொஞ்சநஞ்ச இடைவெளியையும் மூடிவிட்ட நாவல் என்று இப்போது தோன்றுகிறது. நல்ல நாவல் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் எழுத வேண்டியிருக்கு. மோசமான நாவலாக இருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டாங்க, விஷயம் அத்தோடு முடிஞ்சிருக்கும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். கார்ன்வால் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. நிலம் காலை நீட்டின மாதிரி கடலுக்குள் போகும். அட்லாண்டிக்கைத் தாண்டி ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைகிற கப்பல் முதலில் கண்ணில் படவேண்டிய கரை இதுதான். தெற்கே துருத்திக்கொண்டிருப்பது லிசர்ட் முனை. அதற்குக் கிழக்கே கடலுக்குள் மானகில்ஸ் என்ற பாறைக் கூட்டம்; ஓதம் ஏறும்போது பெரும்பாலான பாறைகள் தெரியாது. மேற்கே மவுண்ட்ஸ் விரிகுடா. அதையும் தாண்டி நடுக்கடலில் சில்லித் தீவுகள். அடிக்கிற காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து. அதாவது கப்பலைக் கரைக்குத் தள்ளுகிற காற்று. பாய்மரக் கப்பல் ஒன்று புயலில் மவுண்ட்ஸ் விரிகுடாவுக்குள் ஒருமுறை அகப்பட்டுக்கொண்டால், இரண்டு பக்கத்து முனைகளையும் சுற்றி வெளியே வருவது கிட்டத்தட்ட முடியாத காரியம். நங்கூரம் தாங்குகிறவரைக்கும்தான் அதன் ஆயுசு. இந்தக் கரையில் கப்பல் உடைவதற்கு யாரும் விளக்கு எதுவும் பிடிக்கத் தேவையே இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு நாவலுக்குப் போவோம்.

கதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடக்கிறது. அம்மா இறந்த பிறகு மேரி யெல்லன் என்ற இருபத்துச் சொச்சம் வயதுப் பெண், ஹெல்ஃபோர்ட் பக்கத்துப் பச்சை வயல்களை விட்டுவிட்டு பாட்மின் பொட்டல் நடுவே உள்ள ஜமைக்கா இன் என்ற விடுதிக்கு வருகிறாள். சித்தி பேஷன்ஸ் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சித்தப்பா ஜாஸ் மெர்லின் ஏழடி ஆள், குடிகாரன். விடுதிக்குப் பயணிகள் யாரும் வருவதில்லை. ராத்திரியில் வண்டிகள் வருகின்றன, மூட்டைகள் இறங்குகின்றன. சித்தி வாயைத் திறப்பதில்லை.

இந்தச் சித்திதான் நாவலின் உச்சம் என்பேன். ஒரு காலத்தில் ரிப்பனும் சிரிப்புமாக இருந்த பெண், புருஷன் காலடிச் சத்தம் கேட்டாலே மேஜை விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்கிற ஜீவனாக ஆகியிருப்பதை டு மோரியே எழுதுகிற விதம் இருக்கிறதே, பொட்டல்வெளியும் புயலும் தராத பயத்தை அது தருகிறது. அடிபட்டவள் அடிக்கிறவனுக்காகப் பொய் சொல்கிறாள், அவனுக்குப் பிடித்ததைச் சமைக்கிறாள், அவன் ரகசியத்தைத் தன் ரகசியமாகக் காக்கிறாள். இது கார்ன்வாலில் மட்டும் நடக்கிற கதை இல்லை. நாவலில் உண்மையான குற்றம் அந்தச் சமையலறையில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு நாவலுக்கு, அதுவும் இந்த மாதிரி நாவலுக்கு, அது போதாதே. மேரி முதலில் இது வெறும் கடத்தல் என்று நினைக்கிறாள். வரி கட்டாத பிராந்தி, புகையிலை. கார்ன்வாலில் அதை யாரும் பெரிய பாவமாக நினைத்ததில்லை, வாசகரும் நினைப்பதில்லை. பிறகு ஒருநாள் ஜாஸ் நன்றாகக் குடித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவளிடம் உளறுகிறான். தண்ணீருக்குள் முகங்கள் தெரிகின்றன என்கிறான். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு மிதவையைப் பற்றியிருந்த ஒரு பெண்ணைக் கல்லால் அடித்ததைச் சொல்கிறான். அங்கேதான் அந்தச் சொல் விழுகிறது. நாங்கள் ரெக்கர்கள் என்று அவன் வாயாலேயே சொல்கிறான். நாவலின் அச்சு இந்த இடம். கடத்தல்காரன் என்று நினைத்தவன் கொலைகாரன் என்று தெரிகிற இடம். எழுத்தாக அபாரம். கொலை செய்ததைவிட, செத்தவர்கள் கனவில் வருவதுதான் ஜாஸை அரிக்கிறது என்று காட்டியிருப்பது சாதாரண திறமை இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி மேரியை இழுத்துக்கொண்டு கூட்டம் கடற்கரைக்குப் போகிறது. கரையில் ஒரு விளக்கு. அது எதற்கு என்று அவளுக்குப் புரிகிறது. தூரத்தில் கப்பலின் விளக்கு ஆடி ஆடி நெருங்குகிறது. கத்தி எச்சரிக்கப் பார்க்கிறாள், வாயை அடைத்துவிடுகிறார்கள். கப்பல் உடைகிறது. இந்தப் பக்கங்களை வாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிரச்சினையும் அதேதான்.

இப்போ கொஞ்சம் நிதானமா அந்த விளக்கைப் பார்ப்போம். மின்சாரம் இல்லாத காலம். எண்ணெய் லாந்தர். புயல் ராத்திரி, மழை, அலைத்தூறல். அந்த வெளிச்சம் கடலில் எத்தனை தூரம் தெரியும்? தெரிகிற அளவுக்குக் கப்பல் நெருங்கிவிட்டதென்றால் அது ஏற்கெனவே அகப்பட்டாகிவிட்டது. சரி, தெரிந்ததாகவே வைத்துக்கொள்வோம். ராத்திரியில் இருட்டான கரையோரம் அடையாளம் தெரியாத ஒரு வெளிச்சத்தைப் பார்க்கிற மாலுமி என்ன செய்வான்? வெளிச்சம் என்றால் அங்கே நிலம் இருக்கிறது என்று அர்த்தம். நிலம் என்றால் பாறை. அவன் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பத்தான் பார்ப்பான். அதைத் துறைமுக விளக்கு என்று அவன் நம்ப வேண்டுமானால், அந்தப் பக்கம் ஒரு துறைமுகம் இருப்பதாக அவன் ஏற்கெனவே தப்புக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்டவனைக் கவிழ்க்க விளக்கு எதற்கு, அவன் கணக்கே போதுமே.

கழுதையின் கழுத்தில் லாந்தரைக் கட்டிக் கரையோரமாக ஓட்டிக்கொண்டு போவார்கள், அது ஆடுவதைப் பார்த்துக் கப்பல் விளக்கு என்று நினைத்து இன்னொரு கப்பல் பின்னாலேயே வரும் என்று ஒரு கதையும் உண்டு. கேட்க அருமையாக இருக்கு. கழுதைக்குக் கொம்பு இருந்தால் இன்னும் நல்லா இருந்திருக்கும்.

வரலாற்றாசிரியர் கேத்ரின் பியர்ஸ் 1700இலிருந்து 1860 வரையிலான கார்ன்வாலின் இந்தப் பழக்கத்தை ஆராய்ந்து 2010இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பொறுக்கியதற்கும், கொள்ளையடித்ததற்கும், கூட்டமாகப் போய் அதிகாரிகளோடு மல்லுக்கட்டியதற்கும் ஆவணங்கள் நிறைய. பொய் விளக்கால் கப்பலைக் கவிழ்த்ததற்கு மட்டும் கார்ன்வாலில் நிற்கக்கூடிய சாட்சியம் இல்லை. 1753இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை எதிர்வாதமாகக் காட்டுவார்கள். உடைந்த கப்பலிலிருந்து கொள்ளையடிப்பது, தப்பி வருகிறவரைக் கொல்லும் எண்ணத்தோடு தாக்குவது, கப்பலை ஆபத்துக்கு இழுக்கப் பொய் விளக்கு வைப்பது, மூன்றுக்கும் மரண தண்டனை. நடக்காத ஒன்றுக்கா சட்டம் போடுவார்கள் என்று கேட்கலாம். போடுவார்கள். பயத்துக்கும் சட்டம் போடுவார்கள், வதந்திக்கும் போடுவார்கள். சட்டப் புத்தகம் அந்தக் காலத்து முதலாளிகள் எதைப் பற்றிப் பயந்தார்கள் என்பதற்குச் சாட்சி. கரையில் என்ன நடந்தது என்பதற்கு வழக்குப் பதிவேடுதான் சாட்சி.

இதே சட்ட வரலாற்றில் இன்னொரு விசித்திரம் உண்டு. 1275ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டப்படி, உடைந்த கப்பலிலிருந்து ஒரு மனிதனோ ஒரு நாயோ ஒரு பூனையோ உயிரோடு தப்பிவிட்டால் அந்தக் கப்பலை 'உடைந்த கப்பல்' என்று கணக்கில் எடுக்கக் கூடாது. சரக்கு ஒரு வருடமும் ஒரு நாளும் உரிமையாளருக்காகக் காத்திருக்க வேண்டும். நோக்கம் நல்ல நோக்கம்தான், உரிமையாளரைக் காப்பாற்ற வந்த விதி. ஆனால் திருப்பிப் படித்துப் பாருங்கள், ஒரு பூனைகூடப் பிழைக்கக் கூடாது என்று அது காதில் விழும். தப்பி வருகிறவர்களைக் கொல்கிற கரை என்ற கற்பனைக்கு விதை இங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1771இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு ஒரு தீர்ப்பில் இந்த வாதத்தையே செல்லாது என்று ஒதுக்கிவிட்டார். டு மோரியேயின் கதை நடப்பது அதற்கும் நாற்பது வருடத்துக்குப் பிறகு. ஜாஸின் கல்லுக்கு அப்போது சட்டத்தின் சாக்கும் இல்லை.

சரி, யாரும் உரிமை கோராத சரக்கு யாருக்குப் போகும்? பொறுக்கினவனுக்கு இல்லை. அரசருக்கு. அல்லது அரசரிடமிருந்து அந்த உரிமையைப் பட்டயமாக வாங்கி வைத்திருந்த பண்ணைப் பிரபுவுக்கு. கார்ன்வாலில் எந்தப் பிரபுவின் கரை எந்தப் பாறை வரைக்கும் என்பதற்காகப் பிரபுக்களே ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டார்கள். ஒரே மரக்கட்டை. சுரங்கத் தொழிலாளி தூக்கிக்கொண்டு போனால் திருட்டு, பிரபுவின் ஆள் தூக்கிக்கொண்டு போனால் உரிமை. 'ரெக்கர்' என்ற சொல் இந்த இருவரில் யார்மேல் ஒட்டிக்கொண்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

விளக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் கில்லிக்ரூ கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஆர்வெனாக்கைச் சேர்ந்த சர் ஜான் கில்லிக்ரூ 1619இல் லிசர்டில் ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார். கடவுள் எங்களுக்குக் கொடுக்கிற வரும்படியை இவர் கெடுக்கிறார் என்று அக்கம்பக்கத்து ஜனங்கள் குறைப்படுவதாக அவர் கடிதம் எழுதினார். கார்ன்வால்காரர்களின் கொடுமைக்கு ஆதாரமாக இந்தக் கடிதத்தை நானூறு வருடமாக எடுத்துக் காட்டுகிறார்கள். எழுதியவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். கடற்கொள்ளையரோடு தொடர்பு வைத்திருந்ததாகப் பெயரெடுத்த குடும்பம். விளக்குக்காகக் கப்பல்களிடம் கட்டணம் வாங்க நினைத்த மனிதர். தன் விளக்கு எவ்வளவு அவசியம் என்று காட்டுவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது.

அந்த விளக்கு என்ன ஆனது? ஊர்க்காரர்கள் அணைக்கவில்லை. கலங்கரை விளக்கங்களுக்குப் பொறுப்பான டிரினிட்டி ஹவுஸ், இது கடற்கொள்ளையருக்கும் எதிரிக்கும்தான் வழிகாட்டும் என்று ஆட்சேபித்தது. கப்பல் முதலாளிகள் விரும்பிக் கொடுக்க வேண்டிய கட்டணம் என்பதால் அவர்கள் விரும்பவில்லை. எரிக்கக் காசு இல்லாமல் சில வருடங்களில் விளக்கு அணைந்தது. லிசர்டில் அடுத்த கலங்கரை விளக்கம் எழுந்தது 1750களின் தொடக்கத்தில். நடுவே நூற்றிருபது வருடத்துக்கும் மேல் அந்த முனை இருட்டு. அந்த இருட்டில் உடைந்த கப்பல்களுக்கு யார் 'ரெக்கர்' என்று கேட்டால், ஆங்கிலச் சொல் வாயடைத்து நிற்கும். தமிழ் நிற்காது. கவிழ்த்தவன் யார், பொறுக்கினவன் யார் என்று பிரித்துத்தான் கேட்கும்.

இந்த இடத்தில் ஹிட்ச்காக் ஞாபகம் வருகிறார். 1939இல் இந்த நாவலைப் படமாக எடுத்தார். அவருடைய நல்ல படங்களின் பட்டியலில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை. டு மோரியேக்கும் பிடிக்கவில்லை. சார்லஸ் லாட்டன் ஊதித் தள்ளுகிற நடிப்பு வேறு. ஆனால் படத்தில் இரண்டு மாற்றங்கள் உண்டு. நாவலில் கூட்டத்தின் ரகசியத் தலைவன் ஆல்டர்னன் ஊர்ப் பாதிரியார் பிரான்சிஸ் டேவி. பாதிரியாரை வில்லனாகக் காட்டினால் அமெரிக்கத் தணிக்கை ஒத்துக்கொள்ளாது என்பதால் படத்தில் தலைவன் ஊர்ப் பெரிய மனிதர், நீதிபதி, நிலப்பிரபு. இன்னொன்று, படத்தில் கூட்டம் பொய் விளக்கு வைப்பதில்லை; கரையில் இருக்கிற நிஜ எச்சரிக்கை விளக்கை அணைக்கிறது. தணிக்கைக்காகவும் நட்சத்திர நடிகருக்காகவும் செய்த மாற்றங்கள்தான், வரலாற்று அக்கறை ஒன்றும் கிடையாது. ஆனாலும் பட்டயம் வைத்திருந்த பிரபு, காசு இல்லாமல் அணைந்த விளக்கு, இரண்டின் நிழலும் இந்த மோசமான படத்தில்தான் விழுகிறது. நல்ல நாவலில் விழவில்லை. விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவுதான், என்ன செய்ய.

பாதிரியார் டேவிக்கு வருகிறேன். வெள்ளைத் தலைமுடி, வெளிறிய தோல், நிறமற்ற கண்கள். பிறவியிலேயே நிறமி இல்லாதவர். நாவல் அந்த உடம்பையே துப்பாக வைத்துக்கொள்கிறது: இயற்கையே தவறிப் பிறந்தவர், ஆகவே மனசும் தவறியது. இன்றைக்கு வாசிக்கும்போது இது கூசுகிறது. 1936இல் கூசியிருக்காது என்று விட்டுவிடலாம். ஆனால் கதைக்குள்ளேயேகூட இது பலவீனம்தான். ஜாஸின் கொடுமைக்கு ஒரு வீடு இருக்கிறது, குடி இருக்கிறது, பயம் இருக்கிறது. டேவியின் கொடுமைக்கு நிறம் மட்டும்தான் இருக்கிறது.

கார்ன்வாலின் வடக்குக் கரையில் நிஜமாக ஒரு பாதிரியார் இருந்தார், மோர்வென்ஸ்டோ ஊரில், ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். நாற்பது வருடம் அங்கேயே இருந்து 1875இல் இறந்தவர். கப்பல் உடைந்தால் பாறைகளில் இறங்கிப் பிணங்களைத் தேடி எடுத்து வந்து தேவாலய நிலத்தில் அடக்கம் செய்வார். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை அப்படிப் புதைத்திருக்கிறார். 1842இல் உடைந்த 'காலடோனியா' கப்பலின் முகப்புச் சிற்பம் அந்த மாலுமிகளின் கல்லறை அடையாளமாக அங்கே நின்றது. கரை ஒதுங்கிய மரத்தை வைத்துப் பாறை விளிம்பில் தனக்கு ஒரு குடிசையும் கட்டிக்கொண்டார், இன்றும் இருக்கிறது. ஒரு கணக்கில் அவரும் பொறுக்கினவர்தான். வேடிக்கை என்னவென்றால், 'குரூர கோப்பிங்கர்' போன்ற கொலைகாரக் கடற்கரைக் கதைகளை ஊதிப் பெரிதாக்கி அச்சிட்டவர்களில் இதே ஹாக்கர் முக்கியமானவர். பகலில் பிணத்தைத் தூக்கினார், ராத்திரியில் கதையைத் தூக்கினார். இந்த மனிதரை வைத்து டு மோரியே ஒரு பாதிரியாரைச் செய்திருந்தால் டேவியைவிட நூறு மடங்கு பயங்கரமானவராகவும், பாவமானவராகவும் வந்திருப்பார்.

பிணத்தை அடக்கம் செய்வது அப்போது பெரிய விஷயம். ஏனென்றால் 1808 வரை, கரை ஒதுங்கிய பிணத்தைத் தேவாலய நிலத்தில் புதைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யார், எந்த மதம் என்று தெரியாது. செலவை யார் ஏற்பது என்றும் தெரியாது. மணலிலேயே குழி தோண்டி மூடிவிடுவார்கள். 1807 டிசம்பர் 29 அன்று 'ஆன்சன்' என்ற போர்க்கப்பல் மவுண்ட்ஸ் விரிகுடாவில் அகப்பட்டுக்கொண்டது. நான் முன்னால் சொன்ன மாதிரியேதான் எல்லாம் நடந்தது. வெளியே வர முடியவில்லை, நங்கூரக் கயிறுகள் அறுந்தன. கேப்டன் லிடியார்ட் வேறு வழியில்லாமல் லோ பார் மணற்திட்டில் கப்பலை ஏற்றினார். கரை கூப்பிடுகிற தூரம். கரையில் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. முறிந்து சாய்ந்த பாய்மரம் கரைப்பக்கம் விழுந்ததால் அதன்மேல் தவழ்ந்து சிலர் தப்பினார்கள். பலர் கண்முன்னாலேயே போனார்கள், கேப்டனும் போனார். பிணங்கள் மணலில் புதைக்கப்பட்டதைப் பார்த்துத்தான் ஹெல்ஸ்டன் ஊர் வழக்கறிஞர் தாமஸ் கிரில்ஸ் மறு வருடச் சட்டத்துக்கு வரைவு எழுதினார்.

அன்றைக்குக் கரையில் நின்றவர்களில் ஹென்றி டிரெங்ரூஸ் என்ற மரத்தச்சரும் ஒருவர், அதே ஹெல்ஸ்டன்காரர். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கயிறு போயிருந்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. ராக்கெட்டில் கயிற்றைக் கட்டிக் கப்பலிலிருந்து கரைக்கு எய்கிற கருவியைச் செய்தார். கைக்காசையெல்லாம் அதிலேயே கரைத்தார். அரசாங்கம் கொடுத்தது 50 பவுண்டு. ரஷ்யச் சக்கரவர்த்தி ஒரு வைர மோதிரம் அனுப்பினார். அதை அடகு வைக்க வேண்டியதாயிற்று.

மோதிரம் என்றதும் கார்ன்வாலில் எல்லோருக்கும் வேறொரு மோதிரம்தான் ஞாபகம் வரும். 1707 அக்டோபர் 22 ராத்திரி அட்மிரல் கிளௌட்ஸ்லி ஷவலின் கடற்படை சில்லித் தீவுப் பாறைகளில் மோதி நான்கு கப்பல்கள் போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடலில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை அந்தக் கப்பல்கள் தப்பாகக் கணக்கிட்டிருந்தன. தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க வழி சொல்பவருக்குப் பரிசு என்று 1714இல் சட்டம் வந்ததன் பின்னணியில் இந்த விபத்தும் உண்டு. ஆனால் ஊரெல்லாம் சொல்கிற கதை அது இல்லை. அட்மிரல் உயிரோடு கரை ஒதுங்கினார், மரகத மோதிரத்துக்காக ஒரு தீவுக்காரி அவரைக் கொன்றாள், பல வருடம் கழித்துச் சாகும்போது ஒப்புக்கொண்டாள் என்பதுதான் கதை. இத்தனை சாவுக்கும் காரணம் கணக்குப் பிழை. ஞாபகத்தில் தங்கியது ஒரு ஏழைக் கிழவி.

நான் பார்த்தவரை இந்தக் கரையின் விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்தால் இப்படித்தான் வருகிறது. 1898இல் 'மொஹீகன்' என்ற பயணிகள் கப்பல் மானகில்ஸில் ஏறி 106 பேர் செத்தார்கள். தப்பான திசையில் செலுத்தப்பட்டது என்றது விசாரணை. 1997இல் 'சிட்டா' என்ற சரக்குக் கப்பல் சில்லியில் மோதியது. பணியிலிருந்த அதிகாரி தூங்கிப்போயிருந்தார். கண்டெய்னர்கள் உடைந்து கரையெங்கும் சாமான். தீவுக்காரர்கள் பொறுக்கினார்களா? பின்னே, பொறுக்கினார்கள்.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. கார்ன்வால் கரை சாதுக்களின் கரை இல்லை. பசித்த தகரச் சுரங்கத் தொழிலாளிகள் கோடாரியோடு கூட்டமாக இறங்கிக் கப்பலைத் துண்டுதுண்டாக்கியிருக்கிறார்கள். தடுக்க வந்தவர்களை அடித்திருக்கிறார்கள். ஜான் வெஸ்லி இதற்காகவே அவர்களைத் திட்டிப் பிரசங்கம் செய்தார். ஆனால் இதே ஊர்கள் இன்னொன்றும் செய்தன. மொஹீகன் மோதிய ராத்திரி போர்த்தூஸ்டாக் ஊரின் 'ஷார்லட்' என்ற உயிர்காப்புப் படகு, துடுப்புப் படகுதான், அந்தப் பாறைகளுக்கு நடுவே போய் 44 பேரைக் கொண்டுவந்தது. 1907 மார்ச் 17 அன்று 'சுவெவிக்' லிசர்டில் ஏறியபோது நான்கு ஊர்ப் படகுகள் பனிமூட்டத்திலும் புயலிலும் பதினாறு மணி நேரம் போய்ப்போய் வந்து 456 பேரைக் கரை சேர்த்தன. கப்பலில் இருந்த ஒருவரும் சாகவில்லை. படகில் போனவர்கள் மீனவர்கள். மறுநாள் காலை கரையில் ஒதுங்கிய பலகையை வீட்டுக்குக் கொண்டுபோனதும் இவர்களாகத்தான் இருக்கும். 1981 டிசம்பர் 19 அன்று 'யூனியன் ஸ்டார்' என்ற கப்பலில் இருந்த எட்டுப் பேரைக் காப்பாற்ற மௌசல் ஊரிலிருந்து 'சாலமன் பிரவுன்' என்ற படகு போனது. படகில் எட்டுப் பேர், எல்லாரும் தொண்டர்கள். பதினாறு பேரில் யாரும் திரும்பவில்லை. மௌசலில் கிறிஸ்துமஸுக்குத் துறைமுகம் முழுக்க விளக்கு போடுவார்கள். அந்தத் தேதியில் மட்டும் ஒரு மணி நேரம் அணைத்து வைப்பார்கள்.

ஜாஸ் மெர்லினின் கூட்டத்தில் இப்படி ஓர் ஆள்கூட இல்லை என்பதுதான் என் புகார். ராத்திரி பொறுக்கி, விடியற்காலை காப்பாற்றப் போகிற ஆள். அவன் ஒருத்தன் இருந்திருந்தால் மேரிக்கும் அந்தக் கடற்கரையில் வேறு மாதிரிச் சிக்கல் வந்திருக்கும். நாவலில் மேரி தவிர மனசாட்சி உள்ள ஏழை என்று யாரும் கிடையாது. ஜாஸின் தம்பி ஜெம் குதிரைத் திருடன், கவர்ச்சியானவன், அவ்வளவுதான். கீழே இருக்கிறவர்கள் மொத்தமும் மிருகக் கூட்டம். நீதி வருவது பாஸட் என்ற ஸ்க்வயர் வீட்டிலிருந்து.

"நாவல்தானே, எதுக்கு இவ்வளவு?" என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நிஜ விடுதி, நிஜ ஊர்ப்பெயர், நிஜப் பொட்டல் என்று வைத்துக்கொண்டு எழுதின நாவல் இது. 1930இல் டு மோரியே அந்தப் பொட்டலில் குதிரையில் வழி தவறி அந்த விடுதிக்கு வந்து சேர்ந்தவர். இன்றைக்கும் பால்வென்டரில் விடுதி இருக்கிறது, கடத்தல்காரர் அருங்காட்சியகத்தோடு. மக்கள் அங்கே நாவலைப் பார்க்கப் போகவில்லை, வரலாற்றைப் பார்க்கப் போவதாக நினைத்துப் போகிறார்கள். பியர்ஸின் புத்தகத்தை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்?

தமிழில் இதை மொழிபெயர்க்க உட்காருகிற யாருக்கும் அந்தச் சமையலறைக் காட்சி ஒரு சோதனை. ஜாஸ் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வான்? 'கப்பல் கொள்ளையர்' என்று போட்டால் கடலில் போய்க் கொள்ளையடிப்பவர்கள் ஆகிவிடும். 'கப்பல் கவிழ்ப்போர்' என்று போட்டால் ஜாஸுக்குச் சரி. ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற, பலகை பொறுக்கும் ஊர்க்காரர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். நான் இரண்டாவதையே போடுவேன். அவர்கள் வெளியே நிற்கட்டும்.

ஹாக்கரின் கட்டுரைகளைப் பற்றி நிறையக் குறிப்பு சேர்ந்திருக்கிறது. அதைத் தனியாகப் போடுகிறேன்.